நாற்பதுக்கு மேல படி ஏறாதேன்னு மெசேஜ் அனுப்புறவங்களுக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க. படிச்சு முடிச்சிட்டுத் திட்டணும்னா திட்டுங்க.

நம்ம தொண்டூழியர் புலனக் குழுவில் அந்தச் செய்தி இந்த மாதம் மறுபடியும் சுத்த ஆரம்பிச்சிருக்கு. உங்க குழுவுக்கும் வந்திருக்கும். நாற்பது வயசைத் தாண்டினா படி ஏறக்கூடாதாம், குந்தி எழக்கூடாதாம், ஓடவே கூடாதாம். முழங்கால் கார் டயர் மாதிரியாம், தேய்ஞ்சா தேய்ஞ்சதுதானாம். சொன்னவர் ஒரு பெரிய டாக்டராம், பேர் மட்டும் கிடையாது. அதுக்குக் கீழே வரிசையா கும்பிடு போடுற கைகள்.

அனுப்பினவங்க நல்ல மனசோடதான் அனுப்பினாங்க, எனக்குத் தெரியும். ஆனா நம்ம குழுவிலேயே ஒரு அக்கா இருக்காங்க. 57 வயசு. பத்து கிலோமீட்டர் ஓட்டத்தில் வயசுப் பிரிவில் மெடல் வாங்கினவங்க. குதிகாலுக்கு மேல இருக்கிற தசைநாண் வலிச்சு ஆறு வாரமா ஓடாம இருக்காங்க. இந்தச் செய்தியைப் பார்த்துட்டு, "போதும் தம்பி, ஷூவை யாருக்காச்சும் கொடுத்துடுறேன்"னு சொன்னாங்க. அதனாலதான் இந்தப் பதிவு.

முதல்ல ஒண்ணு கேக்கிறேன். மேடை கிடைச்சா நாம என்ன பேசறோம்? 1966 பேங்காக் ஆசிய விளையாட்டில் மூணு தங்கம் வாங்கின டாக்டர் ஜெகதீசன், அதே போட்டியில் 400 மீட்டர் தங்கம் வாங்கின ராஜாமணி, "நம்ம பிள்ளைங்க"ன்னு மார் தட்டுறோம். பக்கத்து சிங்கப்பூர்ல குளோரி பார்னபாஸ், 1973இல் 200 மீட்டர் தங்கம் வாங்கிட்டு, அதுக்கப்புறம் மூத்தோர் திடல்தடப் போட்டிகளில் பாட்டி வயசிலும் ஓடினவங்க. இதையெல்லாம் பெருமையா ஷேர் பண்ற அதே கை, நம்ம வீட்டு 58 வயசு அண்ணன் காலையில ஷூ கட்டினா, "எதுக்குண்ணே இந்த வயசுல வேண்டாத வேலை"ன்னு சொல்லுது. தோட்டத்துப் பள்ளிக்கூடத் திடலில் செருப்பே இல்லாம ஓடி வளர்ந்த தலைமுறை இது. இவங்களைப் பிடிச்சு நாற்காலியில் உட்கார வைக்க நமக்கு ஏன் இவ்வளவு அவசரம்?

இப்ப அந்த டயர் கதைக்கு வருவோம். முழங்கால் டயர் இல்லீங்க. டயர் உயிரில்லாத ரப்பர். மூட்டில் இருக்கிற குருத்தெலும்பு உயிருள்ள திசு. அழுத்தமும் அசைவும் இருந்தாத்தான் அதுக்கு ஊட்டமே போகும். 2017இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு அலசல் வந்தது. இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம் யாருக்கு எவ்வளவுன்னு எண்ணிப் பார்த்தாங்க. ஓடாம இருக்கிறவங்களில் 10.2 விழுக்காடு. உடம்புக்காக, ஆசைக்காக ஓடுறவங்களில் 3.5 விழுக்காடு. உயர்மட்டப் போட்டிக்காக ஓடுறவங்களில் 13.3 விழுக்காடு. கடைசி எண்ணை நான் மறைக்கல, அளவு மீறினா கேடுதான். ஆனா நம்ம அக்காவும் அண்ணனும் எந்த வகை? வாரத்துக்கு மூணு நாலு நாள் தாமானைச் சுத்தி ஓடிட்டு, மாமாக் கடையில் பசியாறிட்டு வேலைக்குப் போற வகை.

"சரி லா, ஆனா வலி இருக்கே, வலிக்கும்போது ஓய்வு எடுக்கத்தானே வேணும்?"

எவ்வளவு ஓய்வு, எந்த மாதிரி ஓய்வு? இங்கதான் நம்ம ஆளுங்க கவுந்துடறாங்க. இருபது வயசுப் பையன் ரெண்டு வாரம் படுத்தாலும் எழுந்து ஓடிடுவான். வயசானவங்களுக்கு ஓய்வே ஒரு நோய் மாதிரி. 2007இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு. சராசரி 67 வயசு, நல்ல ஆரோக்கியமானவங்க 12 பேர், பத்து நாள் படுக்கையில் இருந்தாங்க. பத்தே நாள்ல கால்களில் இருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை போயிடுச்சு. இப்ப யோசிங்க. தசைநாண் வலிக்குதுன்னு மூணு மாசம் சும்மா இருக்கீங்க. வலி குறைஞ்சிடுது. ஆஹா ஆறிடுச்சுன்னு பழைய வேகத்தில் ஓடறீங்க. கெண்டைக்கால் தசை போச்சு, தசைநாணும் பலமிழந்து கிடக்கு. ரெண்டாவது வாரம் அதே வலி திரும்ப வருது. உடனே எல்லாரும் "பார்த்தியா, வயசாச்சுன்னு சொன்னேன்ல". வயசு மேல பழியைப் போடறோம். வேலையைக் காட்டினது அந்த மூணு மாசம்.

இன்னொரு கதை சொல்லணும், எனக்கு ரொம்பப் பிடிச்சது. சுவீடன்ல ஹாக்கான் ஆல்ஃபிரட்சன்னு ஒரு எலும்பு மருத்துவர். அவருக்கே குதிகால் தசைநாண் வலி, அவரும் ஓடுறவர். அறுவை சிகிச்சை பண்ணுங்கன்னு மேலதிகாரியைக் கேட்டாராம். அவர் மறுத்துட்டாராம். சரி, தசைநாணே அறுந்துட்டா பண்ணித்தானே ஆகணும்னு வேணும்னே பாரத்தை ஏத்தி ஏத்தி இறக்கினாராம். அறுந்து போகல, வலி போயிடுச்சு. அதையே முறையா செஞ்சு பார்த்து 1998இல் ஆய்வா வெளியிட்டார். நடுத்தர வயசு ஓட்டக்காரர்கள் 15 பேர், அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்தவங்க. 12 வாரப் பயிற்சி. 15 பேரும் மறுபடி ஓடினாங்க.

அந்தப் பயிற்சிக்கு என்ன வேணும் தெரியுமா? ஒரு படி. நாற்பதுக்கு மேல ஏறக்கூடாதுன்னு சொல்ற அதே படி.

முறையைச் சொல்றேன். படி விளிம்பில் முன்பாதத்தை வைங்க, கைப்பிடியைப் பிடிச்சுக்கோங்க. நல்ல காலால மேல எழும்புங்க. எடையை வலிக்கிற காலுக்கு மாத்தி, குதிகாலை மெல்ல மெல்லப் படிக்குக் கீழே இறக்குங்க. முழங்காலை நேரா வச்சு 15 தடவை மூணு சுற்று, லேசா மடக்கி 15 தடவை மூணு சுற்று. காலை ஒரு முறை, மாலை ஒரு முறை. ஒரு நாளைக்கு 180 இறக்கம். வலி இல்லாம வர ஆரம்பிச்சா முதுகுப்பையில் அரிசிப் பையைப் போட்டு எடையைக் கூட்டணும். வலி நடுத் தசைநாணில் இல்லாம சரியா குதிகால் எலும்போட ஒட்டுற இடத்தில் இருந்தா, படிக்குக் கீழே இறக்காதீங்க, சமதரையிலேயே செய்யுங்க.

பாதத்துக்கு அடியில், காலையில் முதல் அடி வைக்கும்போது முள்ளு குத்துற மாதிரி வலிக்கிறவங்களுக்கு வேற. ஒரு துண்டைச் சுருட்டி கால்விரல்களுக்கு அடியில் வச்சு, ஒற்றைக் காலால் மெதுவா குதிகாலைத் தூக்கி இறக்குங்க. ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும். கூடவே ஒரு வேண்டுகோள். காலையில 15 கிலோமீட்டர் ஓடிட்டு அப்படியே மண்டபத்துக்கு வந்து, மதியம் வரைக்கும் வெறுங்காலோட சிமெண்டுத் தரையில் அன்னதான அண்டா தூக்கிட்டு நிக்காதீங்க. பாதத்துக்கு அது ரெண்டாவது ஓட்டம். அன்னைக்கு உட்கார்ந்து காய் நறுக்குற வேலையைக் கேட்டு வாங்குங்க. யாரும் உங்களைச் சோம்பேறின்னு சொல்ல மாட்டாங்க. சொன்னா என்கிட்ட அனுப்புங்க.

அப்போ வலியோட ஓடலாமா? ஒரு அளவோட ஓடலாம். அதே சுவீடன்ல 2007இல் 38 பேரை வச்சுப் பார்த்த ஆய்வு இருக்கு. பயிற்சி செஞ்சுகிட்டே ஓட்டத்தைத் தொடர்ந்தவங்களும், முதல் ஆறு வாரம் ஓட்டத்தை நிறுத்தினவங்களும் ஒரே மாதிரிதான் தேறினாங்க. ஓடினவங்களுக்கு ஒரு விதி இருந்தது. வலிக்கு 0 முதல் 10 வரை நீங்களே மார்க் போடணும். 5ஐத் தாண்டக்கூடாது. மறுநாள் காலையில் அந்த வலி அடங்கியிருக்கணும். வாரா வாரம் கூடிக்கிட்டுப் போகக்கூடாது. அவ்வளவுதான். காலையில் கட்டிலை விட்டு இறங்குற முதல் பத்து அடிதான் உங்க பிசியோ. நேத்தைவிட மோசமா இருந்தா இன்னைக்குத் தூரத்தைக் குறைங்க, இல்லைன்னா சைக்கிள் மிதிங்க.

இதுவரைக்கும் உட்கார் உட்கார்னு சொல்ற கூட்டத்துக்குச் சொன்னேன். அடுத்து எதிர்க் கூட்டம், நம்ம ஓட்டக் குழுக்களில் இருக்கிற வீராதி வீரர்கள். "வலியைப் பார்த்தா ஓட முடியுமா, மாத்திரை போட்டுட்டு வா"ன்னு சொல்றவங்க. பினாங்குப் பாலம் மாரத்தானுக்கு முந்தின ராத்திரி டைக்ளோபினாக்கை மிட்டாய் மாதிரிக் கைமாத்துறதை நான் பார்த்திருக்கேன். வெயில்ல மூணு நாலு மணி நேரம் ஓடும்போது ஏற்கனவே சிறுநீரகத்துக்கு இரத்த ஓட்டம் குறையும். இந்த வகை மாத்திரை அதை இன்னும் குறைக்கும். 2019 தேசிய சுகாதார ஆய்வுப்படி இந்த நாட்டுப் பெரியவங்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இனவாரியா பார்த்தா முதலிடம் நமக்குத்தான். சீனி, பிரஷர் ரெண்டும் இருக்கிற 60 வயசு அண்ணனுக்கு அந்த மாத்திரையைக் கொடுக்கிறவர் நண்பரா?

ஸ்டீராய்டு ஊசியும் அப்படித்தான். போட்ட சில வாரம் சொர்க்கம். தசைநாண் வலிக்கு நீண்ட நாள் பலன் அதில் கிடையாது, சில இடங்களில் பிறகு நிலைமை மோசமாகுது. குதிகால் தசைநாண்ல போட்டா அறுந்து போற அபாயமும் இருக்கு. சீனி உள்ளவங்களுக்கு ஊசிக்குப் பிறகு சில நாளைக்கு அளவு எகிறும். எண்ணெய் தேய்ச்சு உருவி விடுறதை நான் குறை சொல்லல, சுகமா இருக்கும், தேய்ச்சுக்கோங்க. ஆனா அது தசையைப் பலப்படுத்தாது. 200 வெள்ளிக்குக் கொலாஜன் டப்பா விக்கிற சகோதரி மட்டும் தயவுசெஞ்சு இந்தப் பதிவுக்குக் கீழே வராதீங்க.

கிளினிக்குகளையும் விடறதுக்கில்ல. போன வருஷம் ஒரு கிளினிக்கில், என் காலைத் தொட்டுக்கூடப் பார்க்காம, "அங்கிள், வயசு 59, நடந்தா போதும்"னு சொல்லிட்டு வலி மாத்திரை எழுதிக் கொடுத்தாங்க. எங்க வலி, எப்ப வலி, வாரத்துக்கு எவ்வளவு தூரம், போன மாசம் எவ்வளவு கூட்டினீங்க, ஒண்ணும் கேக்கல. இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியமான கேள்வி. விடாம தொந்தரவு பண்ற வலி பெரும்பாலும் வயசால ஆரம்பிக்கிறதில்ல, திடீர்னு கூட்டுறதால ஆரம்பிக்குது. பதினோரு மாசம் சும்மா இருந்துட்டு, தைப்பூசத்துக்கு மூணு வாரம் இருக்கும்போது பத்துமலை 272 படியை நாளைக்கு ஐந்து தடவை ஏறி இறங்குற அண்ணன்மாரைத்தான் சொல்றேன். வருஷம் பூரா வாரத்துக்கு ரெண்டு தடவை ஏறியிருந்தா அந்த முழங்கால் அழுதிருக்காது. வயசு என்ன பண்ணுதுன்னா, தேறி வர எடுக்கிற நாளைக் கூட்டுது. முன்னாடி வாரத்துக்கு மூணு நாள் வேகமா ஓடினீங்கன்னா இப்ப ரெண்டு நாள். நடுவுல எடை தூக்குங்க. தூக்குற வயசு தாண்டிடுச்சுன்னு சொல்லாதீங்க. 1990இல் பாஸ்டன்ல ஒரு முதியோர் இல்லத்தில் சராசரி 90 வயசு உள்ளவங்களுக்கு எட்டு வாரம் கால் தசைக்கு எடைப் பயிற்சி கொடுத்தாங்க. பலம் சராசரியா 174 விழுக்காடு கூடிச்சு.

கனடாவில் எட் விட்லாக்னு ஒருத்தர் இருந்தார். 72 வயசில் மாரத்தானை 2 மணி 59 நிமிடத்தில் ஓடினார். 85 வயசில் 4 மணி நேரத்துக்குள் ஓடினார். அவருக்கு முழங்கால் தொந்தரவு இல்லாம இல்ல, மாசக்கணக்கில் ஓடாம இருந்திருக்கார். திரும்பி வரும்போது கொஞ்ச தூரத்தில் தொடங்கி, மெல்ல மெல்லக் கூட்டுவார். அவர் வேகம் நமக்கு வராது, அந்தப் பொறுமை வரலாம்.

எல்லா வலியையும் இப்படிப் பார்க்கச் சொல்லல. ஓடும்போது நெஞ்சில் இறுக்கம், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடா இருக்கிறது, படக்னு சத்தத்தோட பின்னங்கால் விட்டுப் போறது, எலும்பில் ஒரே புள்ளியில் தொட்டா உயிர் போற வலி, படுத்திருக்கும்போதும் குறையாத வலி. இதுக்கெல்லாம் பதிவு படிக்காதீங்க, உடனே மருத்துவமனைக்குப் போங்க. இன்னொண்ணு. சிப்ரோஃபுளோக்சசின், லெவோஃபுளோக்சசின் வகைக் கிருமிக்கொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தா, "நான் ஓடுறவன், தசைநாண் வலி இருக்கு"ன்னு டாக்டர்கிட்ட வாய் திறந்து சொல்லுங்க. அந்த மருந்து தசைநாணைப் பாதிக்கலாம், 60 வயசுக்கு மேல அபாயம் கூடன்னு 2008லேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அதன் மேல எச்சரிக்கை போட வச்சது.

அந்த அக்காவுக்கு நான் சொன்னது இது: ஷூவை யாருக்கும் கொடுக்க வேணாம்க்கா. திங்கட்கிழமையிலிருந்து மண்டபத்துப் பின்வாசல் படியில், காலை பூசை முடிஞ்ச கையோட, குதிகால் இறக்கப் போறோம். இப்போதைக்கு நாங்க மூணு பேர். வலியோட இருக்கிற வேற யாரும் சேரணும்னா வாங்க. குழுவில் சொல்லக் கூச்சமா இருந்தா எனக்குத் தனியா மெசேஜ் போடுங்க. அரிசிப் பை நான் கொண்டு வரேன்.