விலை இறங்கட்டும் என்போருக்கு

சில ஆண்டுகளாக நம்மவரிடையே ஒரு புதிய உத்தியோகம் தோன்றியிருக்கிறது. அதற்குப் பரீட்சை இல்லை, மேலதிகாரி இல்லை, சம்பளமும் இல்லை. காப்பிக் கடையிலும், கலியாணப் பந்தியிலும், ஏன், இழவு வீட்டு வாசலிலுங்கூட இருவர் ஒதுங்கி நின்று தணிந்த குரலில் பேசினால், முன்னாளில் அது குதிரைப் பந்தயமாகவோ நாலு நம்பராகவோ இருக்கும். இந்நாளில் அது பங்கு வாணிபமாக இருக்கிறது. "இப்போது எந்தக் கவுண்டர் நல்ல கவுண்டர்?" என்று ஒருவர் கேட்கிறார். மற்றவர் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு ஒரு பெயரை உச்சரிக்கிறார். (சந்தையில் விலை குறிக்கப்படும் கம்பெனிப் பங்குக்கு இந்நாட்டில் கவுண்டர் என்று பெயர். சாதிப் பட்டங்களைத் துறந்துவிட்டோமென்று மேடையில் முழங்கிவிட்டு, பொழுது விடிந்ததும் எந்தக் கவுண்டர் உயர்வார் என்று விசாரித்துத் திரியும் தோழர்களைக் கண்டு நாம் நகைத்ததுண்டு.) பெயரோடு உபதேசமும் சேர்ந்தே வருகிறது: "இன்றைக்கு வாங்காதே. கொஞ்சம் இறங்கட்டும். இறங்கியவுடன் பிடித்துக்கொள்."

இந்த "இறங்கட்டும், பிடிப்போம்" என்பதைப் பொறுமையென்றும் விவேகமென்றும் கொண்டாடுகிறார்கள். அது பொறுமையுமன்று, விவேகமுமன்று என்பதே நம் கட்சி.

பங்கு வாங்குவதே குற்றமென்று நாம் கூற வரவில்லை. ஒரு கம்பெனி என்ன செய்கிறது, யாருக்கு விற்கிறது, எவ்வளவு கடன்பட்டிருக்கிறது என்பதை அதன் ஆண்டறிக்கையைப் படித்தறிந்து, வீட்டுச் செலவுக்கு வேண்டாத மிச்சப் பணத்தைப் பல்லாண்டு தொடாமலிருக்கத் துணிந்து இடுகிறவரிடம் நமக்கு வழக்கில்லை. அத்தகையவர் நம்மிடையே மிகச் சிலர். நாம் பேசுவது மற்றவர்களைப் பற்றி. கம்பெனியின் பெயர் தெரியும், தொழில் தெரியாது. நேற்றைய விலை தெரியும், கடந்த ஆண்டின் வரவு செலவு தெரியாது. யார் சொன்னார் என்பது தெரியும், அவருக்கு யார் சொன்னார் என்பது தெரியாது. பெண் பார்க்கப் போனால் ஏழு தலைமுறை விசாரிக்கும் நம் மக்கள், பத்தாயிரம் வெள்ளியை ஒரு பெயரின்மேல் வைக்கும்போது ஒரு தலைமுறையாவது விசாரிக்கலாகாதா?

2020ஆம் ஆண்டில் நடந்ததை நினைவுபடுத்துகிறோம். மார்ச்சு 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. நாடே அடைபட்டுக் கிடந்தது. ஏப்ரல் முதல் ஆறு மாதத்துக்கு வங்கிகள் கடன் தவணையை ஒத்திவைத்தன. ஊழியர் சேமநிதியின் இரண்டாம் கணக்கிலிருந்து மாதம் 500 வெள்ளி வரை எடுக்கலாமென்று அனுமதி வந்தது. கையில் வேலையில்லை, தவணை கட்டாத பணம் கொஞ்சம் இருந்தது, பொழுது ஏராளமாக இருந்தது. இம்மூன்றும் சேர்ந்தால் என்ன விளையும்? உலகெங்கும் மருத்துவ மனைகள் ரப்பர் கையுறை கேட்டன. கையுறை செய்வதில் மலேசியாவே உலகில் முதலிடம் வகித்தது. ஆகவே கையுறைக் கம்பெனிகளின் பங்குகள் மேலேறின. இதுவரை நியாயமே.

அவற்றுள் பெரியது டாப் குளோவ். அவ்வாண்டு செப்டம்பரில் அது ஒரு பங்குக்கு இரண்டு இனாம் பங்கு வழங்கியது. அதை ஒட்டித் திருத்திக் கணக்கிட்டால், ஆண்டுத் தொடக்கத்தில் ஏறக்குறைய 1.50 வெள்ளியாயிருந்த பங்கு, அக்டோபரில் 9 வெள்ளியைத் தாண்டிற்று. அதன்பின் நவம்பர் 9ஆம் தேதி, தடுப்பூசி பயனளிக்கிறதென்ற முதற் செய்தி அமெரிக்காவிலிருந்து வந்தது. கையுறைப் பங்குகள் சரிந்தன. நம் பண்டிதர்கள் கலங்கினார்களா? இல்லை. "இதோ தருணம்! மலிவாகக் கிடைக்கிறது!" என்று ஒருவரையொருவர் தட்டியெழுப்பினார்கள். ஏழு வெள்ளியில் வாங்கினார்கள். ஐந்தாயிற்று, "இன்னும் மலிவு" என்று வாங்கினார்கள். மூன்றாயிற்று, "சராசரி விலை குறையும்" என்று வாங்கினார்கள். 2022ஆம் ஆண்டின் கடைசியில் அப்பங்கு ஒரு வெள்ளிக்கும் கீழே கிடந்தது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்றுண்டு. 2021 ஆகஸ்டில் முடிந்த கணக்காண்டில் அக்கம்பெனி 700 கோடி வெள்ளிக்கு மேல் இலாபம் கண்டது. அதன் சரித்திரத்தில் அப்படியொரு இலாபம் அதற்கு முன் இருந்ததில்லை. அந்த இலாபம் வெளியானபோது பங்கின் விலை உச்சத்தில் பாதிகூட இல்லை! "இலாபம் ஏறுகிறது, விலையும் ஏறும்" என்று கணக்குப் போட்டவர் கணக்கு எங்கே போயிற்று? சந்தை அடுத்த ஆண்டைப் பார்த்தது. நம்மவர் கடந்த மாதத்தைப் பார்த்தார்கள். நாலா பக்கத்திலும் புதிய ஆலைகள் எழும், சீனத்திலிருந்தும் கையுறை குவியும், நோய் தணியும், விலை விழும் என்பதை ஊகிக்க ஜோசியம் வேண்டியதில்லை. 2022 ஆகஸ்டில் முடிந்த காலாண்டில் அக்கம்பெனி நஷ்டமே காட்டியது.

இனி கணக்கை எடுத்துக்கொள்வோம். ஏழு வெள்ளியில் ஆயிரம் பங்கு, ஐந்தில் ஆயிரம், மூன்றில் ஆயிரம் வாங்கியவர் போட்ட முதல் 15,000 வெள்ளி; சராசரி விலை ஐந்து. பங்கு 90 காசுக்கு வந்தபோது அவர் கையிலிருந்தது 2,700 வெள்ளி. முதல் திரும்ப வேண்டுமானால் விலை ஐந்தரை மடங்குக்கு மேல் ஏறியாக வேண்டும். பாதி இழந்தவன் பழைய நிலைக்கு வர இரு மடங்கு பெற வேண்டும். பத்தில் ஒன்பது இழந்தவன் பத்து மடங்கு பெற வேண்டும். பள்ளிக்கூடத்தில் கற்ற இந்தச் சாதாரணக் கணக்கை மறைப்பதற்கே "சராசரி குறைகிறது" என்ற இனிய சொல் உதவுகிறது. சராசரி குறைந்தது உண்மைதான். அதனினும் வேகமாக விலை குறைந்தது.

"ஒரு கம்பெனியைக் காட்டிப் பயமுறுத்துகிறீர், சந்தை முழுவதும் என்றைக்காவது எழும்" என்று விடை வரும். எழுந்தது, மறுக்கவில்லை. 1997 பிப்ரவரியில் கோலாலம்பூர்க் குறியீடு 1,271ஐத் தொட்டது. 1998 செப்டம்பர் முதல் தேதி அது 262 ஆயிற்று. அந்த 262இல் வாங்கியவர் பிறகு செல்வம் கண்டிருப்பார், ஐயமில்லை. ஆனால், தோழர்களே, இறக்கத்துக்காகக் காத்திருந்தவர் ஆயிரத்திலேயே "வந்தது தருணம்" என்று பாதியைப் போட்டார். எழுநூறில் மீதியைப் போட்டார். ஐந்நூறில் மனைவியின் தாலிக்கொடியைப் போட்டார். 262 வந்தபோது அவரிடம் வேலையும் இல்லை, வெள்ளியும் இல்லை. தருணம் வந்தது, அதைப் பிடிக்கக் கையில் ஒன்றுமில்லை. இறக்கம் எங்கே நிற்குமென்று அறியாதவன் இறக்கத்துக்குக் காத்திருக்கிறேன் என்பது, ஆழம் அறியாதவன் கிணற்றில் நீர் வற்றட்டும் என்று படியில் நிற்பதைப் போன்றது.

நிற்க. காதில் ஓதப்படும் பெயர் எங்கிருந்து பிறக்கிறது?

நண்பர் சொன்னார், நல்லெண்ணத்தால் சொன்னார், ஒப்புக்கொள்கிறோம். ஆனால் நண்பருக்கும் ஒருவர் சொன்னார். அந்தச் சங்கிலியைப் பற்றிக்கொண்டு மேலே போனால், தன் கையிலிருப்பதை விற்க ஆள் தேடும் ஒருவன் நிற்கக் கூடும். சிங்கப்பூரில் 2013 அக்டோபர் 4ஆம் தேதி நடந்தது இதற்குச் சான்று. புளூமோன்ட், ஏஷியாசன்ஸ், லயன்கோல்டு என்ற மூன்று பங்குகள் மாதக்கணக்கில் வானளாவ ஏறிக்கொண்டிருந்தன. ஏறுகிறதென்று ஊரெல்லாம் ஓடி வாங்கியது. சில நாட்களில் ஏறக்குறைய 800 கோடி சிங்கப்பூர் வெள்ளி மதிப்பு மறைந்தது. பிறகு வழக்கு மன்றத்தில் வெளிப்பட்டதென்ன? அறுபது பேர், கம்பெனிகள் ஆகியோரின் பெயரிலிருந்த 189 கணக்குகளை மறைவிலிருந்து ஆட்டி வைத்து, ஒரு கையால் விற்று மறு கையால் வாங்கி, இல்லாத வாணிபத்தை இருப்பதாகக் காட்டினார்கள் என்பது வெளிப்பட்டது. 2022இல் உயர்நீதிமன்றம் முதன்மையான இருவருக்கு 36 ஆண்டும் 20 ஆண்டும் சிறை விதித்தது. சிறை விதிக்க ஒன்பதாண்டு ஆயிற்று. பணம் போக ஒரு காலைப்பொழுது போதுமாயிருந்தது.

எல்லாப் பரிந்துரையும் இவ்வாறு வஞ்சகம் என்று நாம் சொல்லவில்லை. வஞ்சகமில்லாத பரிந்துரையிலும் ஒரு கோணல் உண்டு. ஒருவர் தாம் வாங்கிய பங்கைத்தான் பிறருக்குச் சொல்கிறார். பத்துப் பேர் வாங்கினால் அவர் பங்கின் விலைக்கு ஒரு தாங்கல். விழுந்தாலும் துக்கத்துக்குத் துணை. வென்ற கதையைப் பந்தியில் உரக்கச் சொல்கிறார். தோற்ற கதையை மனைவியிடமுங்கூடச் சொல்வதில்லை. நீங்கள் விற்றாலும் வாங்கினாலும் தரகுக் கம்பெனிக்குத் தரகு உண்டு. அதில் ரெமிசியருக்குப் பங்குண்டு. பணங்கட்டாமலே வாங்கி, தவணை நாளாகிய இரண்டு வேலை நாளுக்குள் விற்று வித்தியாசத்தை மட்டும் தீர்க்கும் காண்ட்ரா என்ற முறை ஒன்றுண்டே, அது சாராயக் கடையில் கடன் புத்தகம் வைத்ததற்கு ஒப்பாகும். இன்னொன்றும் அறிக: உரிமம் பெறாமல் முதலீட்டு ஆலோசனையைத் தொழிலாக நடத்துவது மலேசியாவின் 2007ஆம் ஆண்டு மூலதனச் சந்தைச் சட்டப்படி குற்றம், தண்டனை ஒரு கோடி வெள்ளி வரை அபராதம், அல்லது பத்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். மாதச் சந்தா வாங்கிக்கொண்டு "குருஜி" என்று வணங்கப்படுவோர் இதை ஒருமுறை படிப்பது அவர்களுக்கு நலம்.

இவையெல்லாம் பணத்தைப் பற்றிய பேச்சு. பணத்துக்கு அப்பாலும் ஒன்றுண்டு. அதற்காகவே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

கையுறைக்கு முன்னே ரப்பர்ப் பால்; பாலுக்கு முன்னே மரம்; மரத்தடியில் நம் பாட்டன். 1910 ஏப்ரலில் இலண்டனில் ஒரு இராத்தல் ரப்பர் 12 ஷில்லிங்குக்கு மேல் விற்றது. இரண்டு ஷில்லிங் முகமதிப்புள்ள மலாயாத் தோட்டப் பங்குகளை வாங்க இலண்டன் குமாஸ்தாவும் பாதிரியும் முண்டியடித்தார்கள். ஷாங்காய் நகரத்திலோ, ரப்பர் மரத்தைக் கனவிலும் கண்டிராதவர்கள் கடன்பட்டு வாங்கினார்கள். ஜூலையில் அங்கே உள்ளூர் நாணயக் கடைகள் மூன்று முறிந்து, ஊரையே உலுக்கின. ஆண்டு முடிவதற்குள் ரப்பர் விலை பாதிக்கு வந்தது. அவர்களும் ஒருவருக்கொருவர் பெயர் சொல்லிக்கொண்டவர்களே; அவர்களும் இறக்கத்துக்குக் காத்திருந்தவர்களே. அந்தப் பங்குகளின் அடியில், விடியலுக்கு முன் பிரட்டுக்கு நின்று, கையில் உளியும் தோளில் வாளியுமாக நடந்த தமிழ்க் கூலியின் பெயரை அவர்களில் எவர் கேட்டார்? 1932இல் விலை இராத்தலுக்கு ஐந்து காசுக்கும் கீழே விழுந்தது. 1930 முதல் 1932 வரை இலட்சத்துக்கு மேற்பட்ட தமிழர் கப்பலேற்றித் திருப்பியனுப்பப்பட்டனர். பங்கு வைத்திருந்தவன் பணத்தை இழந்தான். பால் வெட்டியவன் வாழ்ந்த இடத்தையே இழந்தான்.

அந்தக் கூலியின் பேரன் 2020இல் என்ன செய்தான்? கையுறைப் பங்கு எட்டா, ஒன்பதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். அவ்வாண்டு ஜூலையிலேயே, கட்டாய உழைப்பு நடக்கிறதென்ற சந்தேகத்தின்பேரில் அமெரிக்கச் சுங்கத்துறை டாப் குளோவின் துணைக் கம்பெனிகள் இரண்டின் சரக்கைத் தடுத்து வைத்தது. நேப்பாளத்திலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் ஆள்பிடிக்கும் ஏஜெண்டுகளுக்குக் கடன்பட்டுப் பணங்கொடுத்து வந்தவர்கள் அந்த ஆலைகளில் உழைத்தார்கள். நவம்பரில், கிள்ளான் மேருவில் நெருக்கமாக அடைக்கப்பட்ட விடுதிகளில் நோய் பரவி, 2,000க்கு மேற்பட்ட தொழிலாளர் பீடிக்கப்பட்டனர். 28 ஆலைகளைப் படிப்படியாக மூட அரசாங்கம் கட்டளையிட்டது. ஏஜெண்டுகளுக்கு அவர்கள் கொடுத்ததைத் திருப்பித் தர அக்கம்பெனி இசைந்த தொகை 13 கோடி வெள்ளிக்கு மேல்! லயத்து வீட்டில், கங்காணிக்குப் பட்ட கடனோடு பிறந்த சமுதாயத்துக்கு இந்தக் கதை புதிதா? அந்நாட்களில் நம் காதில் விழுந்த கேள்வி ஒன்றே: "ஆலை மூடினால் விலை இறங்குமே, வாங்கலாமா?"

அந்தக் கேள்வியைக் கேட்டவர் கொடியவரல்லர். நல்லவர், கோவிலுக்கு நன்கொடை தருபவர், தமிழ்ப்பள்ளிக்கு உதவுபவர். பெயரை மட்டும் பார்த்துப் பழகிய கண்ணுக்குப் பின்னால் இருக்கும் மனிதன் தெரிவதில்லை, அவ்வளவே. ஆண்டறிக்கையைப் படிக்காதவன் ஆலையை எங்ஙனம் பார்ப்பான்?

"அப்படியானால் ஏழை ஏழையாகவே கிடக்க வேண்டுமா? தௌக்கேகள் மட்டுமே பங்கு வாங்க வேண்டுமா?" என்று சினப்போர் உண்டு. சினம் நியாயம், விடையும் கையிலேயே இருக்கிறது. ஊழியர் சேமநிதியும் பங்கு வாங்குகிறது. கணக்குப் படிக்கத் தெரிந்தவர்களை வேலைக்கு வைத்து, பல நாடுகளில், பல தொழில்களில், உங்கள் பணத்தைக் கொண்டே வாங்குகிறது. அது 2020ஆம் ஆண்டுக்கு 5.20 விழுக்காடும், 2021ஆம் ஆண்டுக்கு 6.10 விழுக்காடும் இலாப ஈவு தந்தது. நோய்க்காலத்துச் சிறப்பு அனுமதிகளின் கீழ் 81 இலட்சம் உறுப்பினர்கள் அதிலிருந்து 14,500 கோடி வெள்ளியை எடுத்தார்கள். அடுப்பெரிய எடுத்தவர்களைப் பற்றிப் பேச நமக்கு உரிமையில்லை. அடுப்பு நன்றாக எரியும்போதே எடுத்து, "இறக்கத்தில் பிடிக்க" ஓடியவர்களைத்தான் கேட்கிறோம்: ஆறு விழுக்காடு தந்த இடத்திலிருந்து எடுத்து, எங்கே கொண்டுபோய்க் கொட்டினீர்கள்?

இதற்கு மறுப்பெழுத விரும்பும் அன்பர்கள் தாராளமாக எழுதலாம். சாமர்த்தியமான உவமைகள் வேண்டாம். வாங்கிய தேதி, பங்கின் பெயர், விலை, விற்ற தேதி, விலை, கட்டிய தரகு, இவற்றை மூன்றாண்டுக்கு வரிசையாக, தோற்றவற்றையும் விடாமல், எழுதியனுப்பட்டும். அதே பணம் சேமநிதியில் கிடந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதைப் பக்கத்தில் குறித்தனுப்பட்டும். ஆசிரியர் அதற்கு இடந்தருவார் என்றே நம்புகிறோம்.