ஏடும் உளியும்

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்பது நம் முன்னோர் வாக்கு. ஏழாம் வகுப்பில் இப்பழமொழியை விரித்து எழுதிப் பத்துக்கு ஒன்பது மதிப்பெண் வாங்கியவர்கள் நாங்கள். ஆனால் அதன் பொருள் எங்களுக்கு விளங்கியது இவ்வாண்டுதான். அதுவும் ஒரு மரவண்டியின் முன்னால், உள்ளங்கையில் கொப்புளத்தோடு நின்றபோதுதான்.

சென்ற ஆண்டு எங்கள் சாரணியர் படை மீஞ்சூருக்கு அப்பால் ஒரு சிற்றூரில் இரண்டு நாள் முகாமிட்டது. தார்ச்சாலை முடிந்த இடத்திலிருந்து முகாமுக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் மணற்பாதை. அரிசி மூட்டையையும் பாத்திரங்களையும் மாறி மாறிச் சுமந்தோம். இரவில் எதிர்பாராத மழை. அரிசி நனைந்தது. ஆறாம் வகுப்புத் தங்கை ஒருத்திக்குக் காய்ச்சல் கண்டது. அவளைப் படுக்க வைக்க உலர்ந்த இடம் ஒரு முழம்கூட இல்லை. சிஸ்டர் அவர்கள் விடியும்வரை அவளைத் தம் மடியிலேயே வைத்திருந்தார்கள். அன்றே முடிவு செய்தோம்: அடுத்த முகாமுக்கு மேற்கூரையுள்ள, மணலில் ஓடக்கூடிய, உள்ளே இருவர் படுக்கக்கூடிய ஒரு மரவண்டியை நாமே செய்துகொண்டு போவது!

சொன்னதும் சிரித்தவர் பலர். பழைய மரக்கடையில், "ஆம்பளப் பசங்களை அனுப்புங்கம்மா, விலை சொல்றேன்" என்றார் கடைக்காரர். வீட்டிலோ, "பத்தாம் வகுப்பு நினைவிருக்கிறதா?" என்ற கேள்வி. எங்கள் கட்டுரை இந்தச் சிரிப்புக்கும் இந்தக் கேள்விக்கும் பதில்.

முதலில் ஒன்று சொல்வோம். சக்கரத்தின்மேல் வீடு என்பது புதுமையன்று. அமெரிக்காவில் 1930களிலேயே கண்ணீர்த்துளி வடிவத்தில் சிறிய மரவண்டி செய்து, மோட்டார் காரின் பின்னால் பூட்டிக்கொண்டு மக்கள் சுற்றுலா சென்றனர். முன்புறம் படுக்கை, பின்கதவைத் தூக்கினால் சமையலறை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பத்திரிகைகளில் அதன் வரைபடங்களைப் பார்த்து வீட்டிலேயே செய்துகொண்டவர் பலர். அது இருக்கட்டும். நம் பாட்டிமார் கூண்டு வண்டியில் வைக்கோல் பரப்பி, ஜமுக்காளம் விரித்து, கட்டுச்சோற்றோடு திருவிழாவுக்குப் போனதும் இதே வித்தைதானே?

இன்னும் அருகே வருவோம். நம் எண்ணூரில் 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி, 1955-இல் அசோக் லேலண்ட் என்று பெயர் பெற்ற தொழிற்சாலையை அறியாதார் யார்? அங்கிருந்து உடல் இல்லாமல், வெறும் எலும்புக்கூடு போன்ற லாரிச் சட்டங்களை, தலைக்கவசம் அணிந்த ஓட்டுநர்கள் வெயிலில் ஓட்டிச் சென்றதை எங்கள் பெற்றோர் பார்த்திருக்கிறார்கள். அவை நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும் போகும். அங்கே தச்சர்கள் மரத்தால் ஓட்டுநர் அறை கட்டுவார்கள். அதில் படுக்கப் பலகை இருக்கும்; அடுப்பு வைக்க இடம் இருக்கும்; சாமி படத்துக்கு மாடமும் இருக்கும். நாடு முழுவதும் சரக்கு சுமந்த ஓட்டுநர்களுக்கு அதுவே வீடு. அந்த வீட்டைக் கட்டியவர் எந்தக் கல்லூரியிலும் படித்தவர் அல்லர்.

எங்கள் வண்டியைப் பற்றியும் கூற வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன்படி, வண்டிக்குப் பின்னால் பூட்டும் இழுவை வண்டியும் மோட்டார் வாகனமே. எனவே கையால் இழுக்கும் வண்டியே போதும் என்று தீர்மானித்தோம். நீளம் 6 அடி, அகலம் மூன்றரை அடி. தரைக்கும் கூரைக்கும் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள கடல்வகை ஒட்டுப்பலகை. விலை அதிகம், ஆனால் தண்ணீருக்கு அஞ்சாது. பக்கங்களுக்குத் துறைமுகத்திலிருந்து வரும் சரக்குப் பெட்டிகளின் பழைய பலகை. திருவொற்றியூர்ப் பழைய இரும்புக் கடையில் இரண்டு மோட்டார் சைக்கிள் சக்கரங்கள் கிடைத்தன.

ஆறு சனிக்கிழமைகளில் முடித்தோம். பெருமையோடு கைப்பிடியைத் தூக்கினோம். தூக்க முடியவில்லை! நான்கு பேர் சேர்ந்து தூக்கினால், பத்தடி நகர்வதற்குள் கை கடுத்துப் போயிற்று. இரண்டு ஆணிகள் கழன்று விழுந்தன. மரக்கடைக்காரரின் சிரிப்பு எங்கள் காதில் மறுபடியும் கேட்டது.

அப்போதுதான் எங்களுள் ஒருத்தி தலைகுனிந்து சொன்னாள்: "எங்கப்பாவைக் கூப்பிடட்டுமா? அவர் தச்சர்."

நாங்கள் திகைத்தோம். நான்காம் வகுப்பு முதல் எங்களோடு படிப்பவள். பள்ளிப் படிவங்களில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் "பிசினஸ்" என்றே எழுதி வந்தவள். ஏன் மறைத்தாள்? நாங்கள் கேட்கவில்லை. கேட்க எங்களுக்குத் தகுதியும் இல்லை. மேசை கோணினால் "தச்சன் வேலை" என்று ஏளனம் செய்தவர்கள் நாங்கள். மருத்துவர் மகளுக்கும் பொறியாளர் மகளுக்கும் முன்வரிசை தந்தவர்கள் நாங்கள். அவள் மறைத்ததற்குக் காரணம் அவள் அல்லள், நாங்கள்.

அவர் வந்தார். இளமையில் லாரிக்கு உடல் கட்டியவர், இப்போது காசிமேட்டில் படகுப் பழுது பார்ப்பவர். வண்டியைச் சுற்றி வந்தார். சிரிக்கவில்லை. "பாப்பா, பலகையெல்லாம் நல்லாத்தான் அறுத்திருக்கீங்க. அச்சுதான் இடம் மாறிப்போச்சு" என்றார்.

அச்சை வண்டியின் நடுவிலிருந்து பின்னால் தள்ளி வைத்துவிட்டோம். வண்டியும் சுமையும் சேர்ந்து 100 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடி அச்சிலிருந்து 5 அடி தொலைவில் இருக்கிறது. பாரத்தின் மையம் அச்சுக்கு 1 அடி முன்னால் விழுந்தால் கையில் 20 கிலோ. கால் அடி முன்னால் விழுந்தால் 5 கிலோதான். அச்சுக்குப் பின்னால் விழுந்தாலோ கைப்பிடி மேலே எகிறும். இது எங்கள் அறிவியல் பாடத்தில் உள்ள திருப்புத்திறன் அல்லவா? விசையைத் தொலைவால் பெருக்கும் அந்தக் கணக்கை நாங்கள் தேர்வில் முழு மதிப்பெண்ணோடு செய்தவர்கள். அவர் அந்தச் சொல்லைக் கேட்டதே இல்லை. ஆனால் கைப்பிடியை ஒருமுறை தொட்டுப் பார்த்தே, அச்சை 9 அங்குலம் முன்னால் நகர்த்தச் சொன்னார். நகர்த்தினோம். ஒருத்தி மட்டுமே தூக்கினாள்!

அடுத்து ஆணிகளைக் காட்டினார். "மேடு பள்ளத்துல ஓடுற வண்டிக்கு ஆணி ஆகாது. குலுங்கக் குலுங்க ஓட்டை பெருசாயிடும். வாஷர் வெச்சு போல்ட்டு போடுங்க. நம்ம ஊரு உப்புக் காத்துக்குத் துத்தநாகம் பூசினதா வாங்குங்க" என்றார். பலகையின் விளிம்பு வழியாகத்தான் தண்ணீர் புகும் என்று விளிம்புகளுக்கெல்லாம் மும்முறை வார்னிஷ் பூச வைத்தார். மணலில் போகும்போது சக்கரத்தின் காற்றைக் கொஞ்சம் இறக்கச் சொன்னார். தரையில் படும் பரப்பு கூடினால் அழுத்தம் குறையும், சக்கரம் புதையாது. இதுவும் எங்கள் பாடத்தில் உள்ளதே!

சென்னைக்குத் துறைமுகம் கட்டப்படுவதற்கு முன், அலை மோதும் கரைக்கும் கப்பலுக்கும் இடையே மசூலாப் படகுகள்தாம் ஓடின. அவற்றில் ஆணி கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை அடித்தால் படகு வளைந்து கொடுக்கும், உடையாது. கட்டுமரமும் கயிற்றால் பிணைத்ததே. அச்சொல்லை ஆங்கிலேயரும் அப்படியே எடுத்துக்கொண்டனர். ராயப்பர் பெயரால் விளங்கும் நம் ராயபுரத்தில் இத்தகைய படகோட்டிகள் வாழ்ந்தார்கள். இவ்வளவு அறிவு நம் தெருவிலேயே இருக்க, நாம் அதை அறிவு என்றே எண்ணாதது ஏன்?

எண்ணியவர்களும் உண்டு. பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தின் இயக்குநராக இருந்த பேராசிரியர் என். எஸ். ராமசாமி அவர்கள் 1970களில் மாட்டுவண்டியைச் சீர்திருத்தப் பாடுபட்டார். மாட்டின் கழுத்தைப் புண்ணாக்கும் நுகத்தடியும் சாலையைக் கெடுக்கும் இரும்புப் பட்டையும் மாற வேண்டும் என்றார். பெரிய படிப்பு, வண்டிச் சக்கரத்தின் முன் குனிந்ததால் சிறுமை அடையவில்லை. கைத்தொழில் வழியே கல்வி என்று 1937-இல் வார்தாவில் காந்தியடிகள் வற்புறுத்தினார். 1955-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் மே முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தினார். நாம் வணங்கும் ஆண்டவரைத் "தச்சன் மகன்" என்றுதானே ஊரார் அழைத்தனர்? அப்படியிருக்க, ஒரு தச்சர் மகள் நம் வகுப்பறையில் தலைகுனியலாமா?

"கை வெட்டிக்கொள்வீர்கள்" என்பர் சிலர். உண்மைதான், எங்களில் இருவருக்குக் கட்டுப் போட நேர்ந்தது. ஆனால் அரிவாள்மணையில் கை வெட்டிக்கொண்டால் சமையல் கற்க வேண்டாம் என்று எந்தத் தாயாவது சொல்வதுண்டா? "படிப்பு கெடும்" என்பர் வேறு சிலர். திருப்புத்திறனை இனி எங்கள் வாழ்நாளில் மறப்போமா?

எனவே பெரியோர் முன் எங்கள் வேண்டுகோள்களைப் பணிவோடு வைக்கிறோம். தையலுக்கும் பூவேலைக்கும் இடம் தந்த நம் பள்ளியில் ஒரு தச்சு மேசைக்கும் இடம் வேண்டும். மாதத்தில் ஒரு சனிக்கிழமை போதும். கற்றுத்தரும் தொழிலாளருக்கு ஊதியம் தர வேண்டும். எங்கள் தோழியின் தந்தை எங்களுக்காக மூன்று நாள் கூலியை இழந்தார். கொடுத்த பணத்தையும் வாங்க மறுத்துவிட்டார். அவர் மறுத்தது அவர் பெருமை. அதையே நாம் வழக்கமாக்கினால் அது நமக்குச் சிறுமை. ஆண்டு விழா மேடையில் மருத்துவரும் அதிகாரியும் அமரும் நாற்காலிகளுக்கு அருகே, அந்த நாற்காலியைச் செய்தவருக்கும் ஒன்று போட வேண்டும்.

இவ்வாண்டு முகாமுக்கு எங்கள் வண்டி மணலில் ஓடியது. இரவில் தூறல் விழுந்தது, அரிசி நனையவில்லை. ஆறாம் வகுப்புத் தங்கையர் இருவர் உள்ளே நிம்மதியாகத் தூங்கினர். ஒரு பக்கக் கதவு மட்டும் இன்றுவரை சரியாக மூடவில்லை. இழைப்புளி பிடிக்க இன்னும் கற்க வேண்டியிருக்கிறது.

இவ்வாண்டின் மாணவர் விவரப் படிவம் சென்ற மாதம் வந்தது. எங்கள் தோழி தந்தையின் தொழில் என்ற இடத்தில் "தச்சர்" என்று எழுதினாள். கொட்டை எழுத்தில் எழுதினாள். எங்கள் வண்டி கடந்த தொலைவு ஒன்றரைக் கிலோமீட்டர்தான். ஆனால் அது எங்களைக் கொண்டு சேர்த்த இடம் வெகு தொலைவு.

வாழ்க உழைக்கும் கைகள்!

— பத்தாம் வகுப்பு மாணவி