படுதாவுக்கு மேலே ஒரு அடி திறந்து வைங்க

போன மார்கழியில ஒரு விடிகாலை டூட்டி. கணவன், மனைவி ரெண்டு பேருக்கும் தலைவலி, வாந்தி, கிறுகிறுப்பு.

"நைட்டு சாப்பிட்ட பரோட்டா ஒத்துக்கல சார்" என்றார் அந்த அண்ணன்.

காய்ச்சல் இல்லை. வயிற்றுப்போக்கு இல்லை. பல்ஸ் ஆக்சிமீட்டர் 98 காட்டியது. ஆனாலும் ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி என்பது இடித்தது.

"நைட்டு எங்கம்மா படுத்திருந்தீங்க?"

"கோழிக் கொட்டகையிலதான் சார். குஞ்சு இறக்கி மூணு நாள் ஆச்சு. பனி ஜாஸ்தின்னு படுதாவை சுத்தி இறுக்கிக் கட்டிட்டு, உள்ள கரி அடுப்பு வச்சிருந்தோம்."

கார்பன் மோனாக்சைடு!

இதற்கு நிறம் இல்லை, வாசம் இல்லை. ஹீமோகுளோபினை ஆக்சிஜனை விட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். சாதாரண ஆக்சிமீட்டருக்கு வித்தியாசம் தெரியாது. 98 என்றே காட்டும்.

மாஸ்க் போட்டு முழு ஆக்சிஜன் கொடுத்தோம். பிழைத்தார்கள். இன்னும் ரெண்டு மணி நேரம் தூங்கியிருந்தால்?

மறுநாள் அந்த அம்மா சொன்னதுதான் என்னை எழுத வைத்தது. "நாப்பது குஞ்சு போச்சு சார். குளிர் தாங்கல. இன்னும் நல்லா மூடியிருக்கணும்."

இல்லைங்க. மூடினதுதான் பிரச்சினை.

முதல் வாரக் குஞ்சுக்குச் சுமார் 35 டிகிரி சூடு வேணும். உண்மைதான். வாரம் 3 டிகிரி குறைச்சுக்கலாம். ஆனா சூடு குஞ்சுக்குத்தான், கொட்டகைக்கு இல்லை. தகடு வளைச்சுக் கட்டி, அதுக்குள்ள பல்பு போட்டாலே போதும்.

வளர்ந்த கோழிக்கு இறகே போர்வை. அதைக் கெடுக்கிறது குளிரை விட ஈரமும் அமோனியாவும்தான். மூடின கொட்டகையில மூச்சோட ஈரம் வெளியே போகாது, எச்சம் காயாது, அமோனியா கிளம்பும். கோழிக்குச் சளி பிடிக்கும். தினமும் உள்ளே போற உங்க நுரையீரலுக்கும் அதே காற்றுதான்.

என்ன செய்யலாம்?

• படுதாவைக் கீழிருந்து கட்டுங்க, மேலே ஒரு அடி திறந்திருக்கட்டும். ஈரக்காற்று மேலே வெளியேறும், பனிக்காற்று குஞ்சு மேல நேரா அடிக்காது.

• கோழி உயரத்துக்குக் குனிஞ்சு மூச்சு இழுத்துப் பாருங்க. கண் எரிஞ்சா காற்றோட்டம் போதலை.

• ஈரமான நார்த்தூளை அப்பப்போ கிளறி, கட்டி தட்டினதை அள்ளிடுங்க.

• கரி அடுப்பு எரியுற மூடின கொட்டகையில யாரும் படுக்காதீங்க. தலைவலி வந்தா உடனே வெளியே வந்து ஆஸ்பத்திரிக்குப் போங்க. கரி அடுப்பு வச்சிருந்ததை டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க.

பனிக்கு நாம போர்வை போத்திக்கிறோம். மூக்கையும் சேர்த்துக் கட்டிக்கிறதில்லையே!