திங்கட்கிழமைக் காய்ச்சல்



நம் பங்கு மண்டபத்திற்குக் கம்பிக் கதவு ஒன்று தேவைப்பட்டது. காரைக்குடியில் வெல்டிங் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. நாம் சென்றது மூன்று புறமும் சுவர் அடைத்த ஒரு சிறு கொட்டகை. வேலை செய்தவர் நம் பங்கைச் சேர்ந்த இளைஞர். விலை பேசி முடிப்பதற்குள்ளேயே நமக்குத் தொண்டை கரகரத்தது. நம் முகத்தைக் கண்ட அவர், "கறுப்புக் கண்ணாடி இருக்கிறது சாமி, கண்ணுக்கு ஒன்றும் ஆகாது" என்றார். மூச்சைப் பற்றி அவரும் பேசவில்லை, நாமும் கேட்கவில்லை.

பின்னர் அவருடைய தாயார் நம்மிடம் வந்து கண் கலங்கினார். மகனுக்குத் திங்கட்கிழமை இரவானால் குளிரும் காய்ச்சலும் உடல்வலியும். புதன்கிழமை எழுந்து நடமாடுகிறாராம். ஞாயிற்றுக்கிழமைக் குடியின் பலன் இது என்று அண்டை வீட்டார் ஏசுகின்றனர். மகனோ மதுவைத் தொட்டதே இல்லை.

அத்தாய் சொன்னது உண்மையே. இரும்பைத் துருவினின்று காப்பதற்கு அதன்மேல் துத்தநாகம் பூசுகின்றனர், ஜி.ஐ. குழாய் என்பது அதுவே. நம் ஊரில் 1953இல் திறக்கப்பட்ட 'சிக்ரி' ஆய்வு நிறுவனத்தாரைக் கேட்டால் அப்பூச்சின் அருமையைச் சொல்வார்கள். ஆனால் இரும்பு உருகுவதற்கு 1538 பாகை வெப்பம் வேண்டும். துத்தநாகமோ 907 பாகையிலேயே கொதித்து ஆவியாகிவிடும். அவ்வாவி காற்றில் கலந்து வெண்புகையாகிறது. அதன் துகள்கள் பெரும்பாலும் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கினும் சிறியவை; நுரையீரலின் கடைசி அறைவரை செல்ல வல்லவை. சில மணி நேரம் கழித்தே காய்ச்சல் காணும். ஓரிரு நாளில் தணியும். தினமும் புகையை உட்கொள்ளும் உடல் சற்றுப் பழகிக்கொள்கிறது. ஞாயிறு ஓய்வில் அப்பழக்கம் விட்டுப்போகிறது. ஆகவே திங்களன்று மீண்டும் தாக்குகிறது. ஏச்சுக்கு ஆளான அந்த ஞாயிற்றுக்கிழமை உண்மையில் ஓய்வு நாளே அன்றி வேறன்று!

பால் குடித்தால் புகை முறியும் என்று பட்டறைகளில் நம்புகின்றனர். பால் வயிற்றுக்குச் செல்லும். புகை செல்லுமிடம் வேறு.

இக்காய்ச்சல் தணிந்துவிடும். தணியாதவையும் உண்டு. எவர்சில்வரைப் பற்றவைக்கும் புகையில் குரோமியமும் நிக்கலும் உள்ளன. வெல்டிங் புகை எதுவாயினும் நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணமாகும் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2017இல் வகைப்படுத்தியது. சாதாரண இரும்பின் புகையும் இதில் அடங்கும். நிமோனியாவும் இத்தொழிலாளரை எளிதில் பற்றுகிறது. இங்கிலாந்தில் அதற்கெனவே இவர்களுக்குத் தடுப்பூசி பரிந்துரைக்கப்படுகிறது. பீடி குடிப்பவர்க்குத் தீங்கு இன்னும் மிகும்.

செய்யத்தக்கது என்ன? கைக்குட்டை கட்டுவதால் பயனில்லை. நுண்துகளை வடிகட்டும் முகமூடி வேண்டும். இயன்றவரை திறந்த வெளியில், காற்று பக்கவாட்டில் வீசுமாறு நின்று, புகைக்கு மேலே தலையைக் கவிழ்க்காமல் வேலை செய்தல் வேண்டும். புகை எழும் இடத்திலேயே அதை உறிஞ்சும் குழாய் இருப்பின் மிக நன்று. இணைக்கும் இடத்தில் துத்தநாகப் பூச்சை முன்னதாகத் தேய்த்து அகற்றிவிட வேண்டும்; தேய்க்கும்போதும் முகமூடி அவசியம். மருத்துவரிடம் செல்பவர் இருமலைச் சொல்வதோடு தொழிலையும் சொல்லட்டும்.

பூச்சைத் தேய்க்கவும், பின்னர் அவ்விடத்தில் துருத்தடுப்பு வண்ணம் பூசவும் அரை நாள் கூலி கூடுதலாகும் என்றார் அந்த இளைஞர். முன்பு நாம் பேரம் பேசிக் குறைத்த தொகையும் ஏறக்குறைய அவ்வளவே. பங்குப் பேரவைப் பொருளாளர் சற்று முணுமுணுத்தார். கொடுத்துவிட்டோம். கதவு வாசலில் வெட்டவெளியில் வைத்துப் பற்றவைக்கப்பட்டது.