குழாய்க்குத் தேதி கேட்கும் மாநகராட்சி



ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்கப் போனால் சாதி கேட்ட காலம் ஒன்று உண்டு. அந்தக் கொடுமைக்கும், மழை பொய்த்த பஞ்சத்துக்கும் தப்பித்தான் நம் பாட்டன்மாரும் தகப்பன்மாரும் ரயிலேறிப் பம்பாய் வந்தார்கள். தோல் பதனிட்டார்கள், மூட்டை சுமந்தார்கள், தண்டவாளம் போட்டார்கள், இந்த நகரத்தின் சாக்கடையையும் அள்ளினார்கள். இங்கே குழாயடியில் சாதி கேட்கவில்லை. தேதி கேட்கிறார்கள்! "எந்த வருஷம் குடிசை போட்டாய்? காகிதம் இருக்கிறதா?" என்று கேட்டுவிட்டுத்தான் தண்ணீரைப் பற்றிப் பேசுகிறார்கள்.

எந்தத் தேதி? 1976ல் குடிசைகளைக் கணக்கெடுத்துப் போட்டோ பாஸ் கொடுத்தார்கள். அதில் இருந்தவன் மனிதன், இல்லாதவன் ஆக்கிரமிப்பாளன். பிறகு அந்த எல்லை 1980 ஆனது. 1985 ஆனது. 1995 ஜனவரி 1 ஆனது. 2000 ஜனவரி 1 ஆனது. பணம் கட்டினால் வீடு என்ற கணக்கில் 2011 ஜனவரி 1 வரை வந்திருக்கிறது. தேர்தல் காற்று அடிக்கும்போது தேதி நகரும்; அடங்கியதும் நின்றுவிடும். நகர்த்த முடிகிற தேதி என்றால் அது நியாயத்தின் எல்லை அல்ல, அரசியலின் எல்லை என்றுதானே பொருள்?

சட்டம் என்ன சொல்கிறது?

மாநகராட்சியை நடத்தும் சட்டம் வெள்ளைக்காரன் காலத்து 1888ஆம் வருஷச் சட்டம். அதன் 61ஆவது பிரிவு, மாநகராட்சி செய்தே தீர வேண்டிய கடமைகளைப் பட்டியல் போடுகிறது. சாக்கடை, பொதுக் கழிப்பறை, அவற்றைக் கட்டுவது, பராமரிப்பது, சுத்தம் செய்வது, குடிதண்ணீருக்கு ஏற்பாடு செய்வது எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. மனம் இருந்தால் செய்யலாம் என்கிற வேலைகளுக்கு 63ஆவது பிரிவு தனியே இருக்கிறது. ஆகவே கழிப்பறை கவுன்சிலர் போடும் பிச்சை அல்ல. விநாயகர் சதுர்த்திக்குப் பேனர் கட்டிக் கொடுக்கும் தர்மமும் அல்ல. அது கட்டாயக் கடமை.

அதே சட்டத்தில் 314ஆவது பிரிவும் இருக்கிறது. நடைபாதையில் போட்ட குடிசையை முன்னறிவிப்பு இல்லாமலே அகற்றலாம் என்பது அது. இந்த நகரத்து ஆபீசர்களுக்கு 314 மனப்பாடம், 61 மறந்துபோகும். நமது சண்டை முழுவதும் இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் நடக்கிறது.

1981 ஜூலையில், கொட்டும் மழையில், நடைபாதைக் குடிசைகளைப் பிரித்தெறிந்து, ஆட்களைப் பஸ்ஸில் ஏற்றி அவரவர் மாநிலத்துக்கு அனுப்பினார்கள். உச்ச நீதிமன்றத்துக்குப் போன வழக்கில் நம் ஆள் ஒருவரும் இருந்தார். நிலமற்ற கூலி. பஞ்சத்தில் வேலை போய், 1961ல் சேலத்திலிருந்து பம்பாய் வந்தவர். தஹிசரில் ஒரு ரசாயனக் கம்பெனியில் நாள் கூலி 23 ரூபாய். நெடுஞ்சாலை ஓரம் தார்ப்பாயும் பிளாஸ்டிக்கும் கட்டிய இடத்துக்கு ஒரு தாதாவுக்கு 2,500 ரூபாய் அழுதவர். குடிசை போனது, மனைவி மக்களோடு சேலம் பஸ்ஸில் ஏற்றினார்கள். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு மறுபடியும் பம்பாய்க்கே வந்து நடைபாதையில் படுத்தார். ஏன்? வேலை இங்கே இருந்தது.

1985 ஜூலையில் தீர்ப்பு வந்தது. பிழைக்கும் உரிமை உயிர்வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று நீதிமன்றம் சொன்னது. ஆனால் 314 செல்லும் என்றும், முறைப்படி அகற்றலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. முதல் பாதியை நாம் மேடையில் பேசுகிறோம். இரண்டாம் பாதியை அவர்கள் புல்டோசரோடு கொண்டுவருகிறார்கள்.

தண்ணீர்க் கணக்கு

ஏழு ஏரிகளின் தண்ணீர் இந்த நகரத்துக்கு வருகிறது. அதில் கட்டிடத்தில் இருப்பவனுக்கு நாளொன்றுக்குத் தலைக்கு 135 லிட்டர், குடிசையில் இருப்பவனுக்கு 45 லிட்டர் என்று மாநகராட்சி அளவு வைத்தது. குடிசைக்காரனுக்கு வியர்வை குறைவா? அவன் பிள்ளைக்குத் தாகம் மூன்றில் ஒரு பங்கா? கட்டிடத்துப் பாத்திரத்தைத் துலக்கப் போகிற நம் தாய்மார்கள் அங்கே குழாயைத் திறந்துவிட்டு வேலை செய்கிறார்கள். வீட்டுக்கு வந்து குடத்தை எண்ணுகிறார்கள்.

இந்த 45ம் எல்லோருக்கும் இல்லை. 1995க்குப் பிறகு வந்த குடிசைக்குத் தண்ணீர் கூடாது என்று 1996ல் மாநில அரசு சுற்றறிக்கை போட்டது. குடிதண்ணீரை மறுப்பதைத் தண்டனையாக வைத்த சுற்றறிக்கை அது. 2014 டிசம்பரில் பம்பாய் உயர்நீதிமன்றம், சட்டவிரோதக் குடிசையில் இருக்கிறான் என்பதற்காக ஒருவனுக்குத் தண்ணீரை மறுக்க முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. 'எல்லோருக்கும் தண்ணீர்' என்று மாநகராட்சி ஒரு கொள்கையை அறிவிக்க 2022 மே மாதம் ஆயிற்று. தீர்ப்புக்கும் அறிவிப்புக்கும் நடுவில் ஏழு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. அந்த ஏழு வருஷமும் டேங்கர்காரன் நம்மிடம் வாங்கிய காசுக்கு யார் கணக்குச் சொல்வது?

கொடுமையின் உச்சத்தைக் கேளுங்கள். நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகும் தான்சா பெருங்குழாயின் ஓரத்தில் குடிசைகள் இருந்தன. குழாய்க்குப் பாதுகாப்பு வேண்டும் என்று அவர்களை அகற்றி, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் புகை கக்கும் மாஹூலுக்கு அனுப்பினார்கள். அங்கே போன ஜனங்கள் நோயில் விழுந்தார்கள். அந்த இடத்துக்குப் போகும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, வேறு வீடு கொடு, இல்லையேல் மாதம் 15,000 ரூபாய் வாடகை கொடு என்று 2019ல் உயர்நீதிமன்றம் சொல்லவேண்டி வந்தது. குழாயின் பாதுகாப்புக்கு இருந்த அக்கறை நுரையீரலுக்கு இல்லை!

கழிப்பறை வரிசை

வெட்கப்பட்டுப் பேசாமல் இருந்தது போதும். விடியற்காலை வரிசையில் நிற்பதும், ஷிப்டுக்குப் போகிற அவசரத்தில் சண்டை போடுவதும், இருட்டுவதற்காகப் பெண்கள் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு இருப்பதும் நமக்குத் தெரியும். பெண்ணின் சிறுநீரகம் கெடுவது விதி அல்ல, நகர நிர்வாகம். ஆண்கள் சிறுநீர் கழிக்கக் காசில்லை, பெண்கள் போனால் காசு என்று கட்டணக் கழிப்பறைகளில் நடந்த அநியாயத்தை எதிர்த்து, இந்த நகரத்துப் பெண்கள் அமைப்புகள் 2011ல் ஓர் இயக்கமே தொடங்க நேர்ந்தது.

தூய்மை இந்தியா திட்டத்தின் அளவு என்ன தெரியுமா? சமுதாயக் கழிப்பறையில் 35 ஆண்களுக்கு ஓர் இருக்கை, 25 பெண்களுக்கு ஓர் இருக்கை. உங்கள் சந்தில் எண்ணிப் பாருங்கள். தாழ்ப்பாள் இல்லாதது, கதவு இல்லாதது, அடைத்துக்கொண்டு பூட்டிக் கிடப்பது இவற்றைக் கழித்துவிட்டு எண்ணுங்கள். வருகிற எண்ணிக்கைதான் நமது மாநகராட்சியின் மதிப்பெண்.

2017 பிப்ரவரியில் மான்கூர்டிலும் 2018 ஏப்ரலில் பாண்டுப்பிலும் பொதுக் கழிப்பறை இடிந்து விழுந்து ஜனங்கள் செத்தார்கள். கழிப்பறைக்குப் போனவன் பிணமாக வருகிற நகரம் இது. கட்டியது ஒருவர், பராமரிப்பது இன்னொருவர், தொட்டி நிரம்பினால் மூன்றாமவர் என்று இவர்கள் பொறுப்பைக் கைமாற்றிக்கொண்டிருக்கும்போது உயிரைக் கொடுப்பது மட்டும் நாம்.

பணம் இல்லையா? 2025–26க்கு இந்த மாநகராட்சி போட்ட பட்ஜெட் 74,427 கோடி ரூபாய். நாட்டிலேயே பணக்கார மாநகராட்சி இது.

ஆள் இல்லையா? 2020 ஏப்ரல் 1ஆம் தேதி தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டுபிடிக்கப்பட்டார். தாராவியில் பத்துக்கு எட்டுப் பேர் பொதுக் கழிப்பறையை நம்பி இருப்பதாக மாநகராட்சியே அப்போது சொன்னது. உடனே அதே கழிப்பறைகள் ஒரு நாளைக்குப் பலமுறை மருந்தடித்துக் கழுவப்பட்டன. வீடு வீடாகக் காய்ச்சல் பார்த்தார்கள். அந்த வருஷம் ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் தலைவரே தாராவியின் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். உழைத்த துப்புரவுத் தொழிலாளர்களையும், சயான் ஆஸ்பத்திரி ஊழியர்களையும், வார்டு ஆபீஸ்காரர்களையும் நாமும் பாராட்டுகிறோம், மறக்க மாட்டோம். ஆனால் ஒன்று நிரூபணமாகிவிட்டதே! முடியாது என்பது பொய். நம் வியாதி மாளிகைக்கும் தொற்றும் என்று பயம் வந்தபோது முடிந்தது. பயம் போனதும் முடியவில்லை.

வரைபடத்தில் நாம் எங்கே?

1967ல் ஒரு நகரத் திட்டம், 1991ல் ஒன்று, 2018ல் மூன்றாவது. 2015ல் வெளியிட்ட வரைவுத் திட்டத்தில் இருந்த குளறுபடிகளுக்கு ஊரே கொதித்து, அரசு அதைத் திரும்பப் பெற்றது. 2034 வரைக்குமான இப்போதைய திட்டத்தில் தாராவி மாநகராட்சியின் வேலையே இல்லை. அதற்குத் தனி அதிகார அமைப்பு. 2022ல் அதானி குழுமம் 5,069 கோடிக்கு ஏலம் எடுத்த மறுசீரமைப்புத் திட்டம் அந்த அமைப்பின் கீழ்தான் நடக்கிறது. அங்கும் பழைய கதைதான். 2000க்கு முன் தரைத்தளத்தில் இருந்தவனுக்குத் தாராவிக்குள் வீடு. அதற்குப் பிறகு வந்தவனுக்கும் மாடியில் இருப்பவனுக்கும் வெளியே. 'வெளியே' என்றால் எங்கே? 2024ல் அதற்காக ஒதுக்கிய இடங்களில் ஒன்று, 1927 முதல் இந்த நகரம் தன் குப்பையைக் கொட்டிவரும் தேவனார் மேடு!

வீடு மட்டுமா போகும்? மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. தமிழும் அதில் ஒன்று. குடும்பங்களைத் திசைக்கொன்றாகச் சிதறடித்தால் தமிழ்ப் பள்ளிக்குப் பிள்ளைகள் எங்கிருந்து வருவார்கள்? பிள்ளை இல்லை என்று பள்ளியை மூடுவார்கள். பிறகு தமிழனுக்குப் பள்ளியில் அக்கறை இல்லை என்றும் சொல்வார்கள்.

"வரி கட்டாதவர்கள்" என்று நம்மைப் பார்த்துச் சொல்கிற கனவான்களுக்கு ஒரு வார்த்தை. 2017 ஜூலை வரை இந்த மாநகராட்சியின் பெரிய வருமானம் ஆக்ட்ராய். நகருக்குள் வந்த சரக்குக்கெல்லாம் அது உண்டு. நாம் வாங்கிய சாமானின் விலையில் அதுவும் சேர்ந்துதான் இருந்தது. இன்று ஜி.எஸ்.டி.யும் அப்படியே. குடிசைக்காரன் வரி கட்டுகிறான், ரசீதுதான் கொடுப்பதில்லை.

நம் வீட்டு அழுக்கையும் பேசுவோம். போட்டோ பாஸுக்குத் தரகு வாங்குகிறவன், கழிப்பறைச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு காசு வசூலிக்கிறவன், ராத்திரியில் குழாயைத் திருப்பி விற்கிறவன் இவர்களில் தமிழ் பேசுகிறவர்களும் உண்டு. பொங்கல் விழாவுக்கு நன்கொடை கொடுத்தான் என்பதற்காக அவனுக்கு மாலை போடும் மன்றங்களும் உண்டு. பக்கத்துச் சந்தில் அதே வரிசையில் நிற்கிற மராட்டியத் தொழிலாளியும் உத்தரப்பிரதேசத்து முஸ்லிமும் நமக்குச் சொந்தம். நம்மைச் சுரண்டும் தமிழன் சொந்தம் அல்ல.

செய்ய வேண்டியது

மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் 2022 மார்ச்சில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2026 ஜனவரியில்தான் நடந்தது. ஏறக்குறைய நான்கு வருஷம் இந்த மாநகரத்தில் மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவர்கூட இல்லாமல் ஆபீசர் ஆட்சி நடந்தது. கேட்க ஆள் இல்லை என்ற சாக்கு இனி இல்லை. 227 வார்டுக்கும் ஆள் வந்துவிட்டார்கள். நாம் கேட்பவை இவை:

1. தேதி கேட்காமல் ஒவ்வொரு குடும்பத்துக்கும் குழாய்த் தண்ணீர்.

2. கட்டிடத்துக்கும் குடிசைக்கும் ஒரே அளவு.

3. ஆளுக்குத் தக்கபடி கழிப்பறை. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் கட்டணம் கூடாது. விளக்கும் தாழ்ப்பாளும் வேண்டும். எல்லாக் கழிப்பறைக் கட்டிடங்களையும் மழைக்கு முன் பரிசோதிக்க வேண்டும்.

4. மறுசீரமைப்பில் மாடிக்காரரும் வாடகைக்காரரும் உட்பட எல்லோருக்கும் தாராவிக்குள்ளேயே வீடு.

5. எங்கே குடும்பத்தை மாற்றினாலும், முதலில் பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ், பிறகுதான் ஆள்.

எழுத்தர் வேலை பார்க்கும் நாங்கள் ஒன்று சொல்வோம், கேளுங்கள். வாயால் சொன்ன குறைக்கு ஆபீசில் உயிர் கிடையாது. மனுவை இரண்டு பிரதி எழுதுங்கள். வார்டு ஆபீசில் கொடுத்து, உங்கள் பிரதியில் முத்திரையும் இன்வர்ட் நம்பரும் தேதியும் வாங்குங்கள். முப்பது நாளில் பதில் இல்லையென்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் "என் மனு எந்த மேஜையில் இருக்கிறது?" என்று கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள், சந்துக்கு இருபது பேராகப் போங்கள், பெண்கள் முன்னால் நில்லுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு நமது சங்க ஆபீசில் எழுதிக் கொடுக்கிறோம். எழுத்துக்குக் காசு இல்லை.

நம்மிடம் இவ்வளவு காலம் தேதி கேட்டார்கள். இனி நாம் கேட்போம்: கழிப்பறை எந்தத் தேதிக்குள்? குழாய் எந்தத் தேதிக்குள்? அதையும் எழுத்தில் கொடுக்கட்டும்.