குப்பை எங்கே பிறக்கிறது?

வீட்டுக் குப்பையைக் குறைப்பது எப்படி என்று யார் பேசத் தொடங்கினாலும் பேச்சு குப்பைத் தொட்டியிலிருந்தே ஆரம்பமாகிறது. மக்கும் குப்பை ஒரு தொட்டியில், மக்காத குப்பை இன்னொரு தொட்டியில் என்கிறார்கள். நல்லது, வேண்டியதுதான். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளும் ஒவ்வொரு குடும்பமும் தன் குப்பையைப் பிரித்தே கொடுக்க வேண்டும் என்று கூறின. ஆனால் பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்கள் எண்ணம் சற்று வேறு. தொட்டிக்கு வந்துவிட்ட குப்பையைப் பிரிக்கலாம்; குறைக்க முடியாது. குப்பை பிறக்கும் இடம் தொட்டியன்று, கடை. கடைக்காரரிடம் நாம் எதைக் கேட்டு வாங்குகிறோம், அதை எதில் வாங்கி வருகிறோம் என்பதிலேயே நம் வீட்டுக் குப்பையின் அளவு முடிவாகிவிடுகிறது.

இதற்குச் சான்று தேடி வெளியூர் போக வேண்டியதில்லை. நம் கோவில்பட்டியின் பெயரை நாடெங்கும் கொண்டுபோன பொருள்கள் இரண்டு: ஒன்று கடலை மிட்டாய், மற்றொன்று தீப்பெட்டி. அந்தத் தீப்பெட்டியையே எடுத்துக்கொள்வோம். குச்சி எரிந்து கரியாகிறது. காலிப் பெட்டி அடுப்பில் எரிந்துவிடும், அல்லது மண்ணில் மக்கிவிடும். அதற்கு முன் நம் தம்பிமாரின் கையில் அது ரயிலாகவும் டெலிபோனாகவும் ஓடி முடித்திருக்கும். படம் ஒட்டிய தாளைச் சேர்த்து வைப்பவர்களும் உண்டு. அப்படியானால் தீப்பெட்டியில் குப்பை எங்கே மிஞ்சுகிறது?

இப்போது பெட்டிக்கடையில் தொங்கும் பிளாஸ்டிக் லைட்டரைப் பாருங்கள். பத்து ரூபாய்க்குக் கிடைக்கிறது. எரிவாயு தீர்ந்ததும் அதைத் தூக்கி எறிவதைத் தவிர வேறு வழியில்லை. பிளாஸ்டிக்கும் தகரமும் சிறு சக்கரமும் ஒன்றோடொன்று பிணைந்து கிடப்பதால் காயலான் கடைக்காரர்கூட அதைச் சீந்துவதில்லை. உள்ளே சிறிது வாயு மிச்சமிருக்கையில் குப்பையோடு சேர்த்துக் கொளுத்தினால் வெடிக்கும். பிஞ்சுக் கைகள் பொறுக்கி விளையாடும் தெருவோரத்தில் கிடக்கத் தக்க பொருளா அது?

இந்த லைட்டரால் நம் வட்டாரம் பட்ட பாடு ஊரறிந்தது. 2022 செப்டம்பரில் தமிழக முதலமைச்சர் ஒன்றிய நிதியமைச்சருக்கு ஒரு கடிதம் எழுதினார். ஒரு லைட்டர் இருபது தீப்பெட்டிகளின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது என்பதையும், தென் மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர், அவர்களிலும் பெரும்பாலும் பெண்கள், தீப்பெட்டித் தொழிலை நம்பி வாழ்கிறார்கள் என்பதையும் அதில் எடுத்துக் காட்டியிருந்தார். 2023 ஜூன் மாத இறுதியில், இருபது ரூபாய்க்குக் குறைந்த மதிப்புள்ள லைட்டர்களின் இறக்குமதிக்கு ஒன்றிய அரசு தடை விதித்தது. பிறகு உதிரி பாகங்களாக வரவழைத்து இங்கே பொருத்தி விற்கிறார்கள் என்ற குறை எழுந்தது. 2024 அக்டோபரில் அந்தப் பாகங்களின் இறக்குமதிக்கும் கட்டுப்பாடு வந்தது. ஆனாலும் கடைகளிலிருந்து லைட்டர் மறைந்துவிடவில்லை. வாங்குகிறவர் இருக்கும்வரை விற்கிறவரும் இருப்பார்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தோம். தீப்பெட்டி வணிகத்தில் ஒரு பண்டல் என்பது 600 பெட்டி. ஒரு லைட்டருக்கு இருபது பெட்டி வீதம் முப்பது லைட்டர் விற்றால் ஒரு பண்டல் தீப்பெட்டி விற்காமல் நின்றுவிடுகிறது. கண்ணாடிப் போத்தலுக்குள் அடங்கிவிடும் முப்பது சின்னஞ்சிறு லைட்டர்கள்! அவை தின்றுவிடுவது ஒரு பண்டலின் வேலையையும் அந்த வேலைக்குரிய கூலியையும். எங்கள் வகுப்பில் எத்தனையோ பேருடைய அன்னையரும் சித்திமாரும் பெரியம்மாமாரும் அந்தக் கூலியில்தான் எங்களுக்கு நோட்டுப் புத்தகம் வாங்கித் தருகிறார்கள்.

"லைட்டர் சிக்கனம்தானே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். 2021 டிசம்பர் முதல் தேதியிலிருந்து தீப்பெட்டியின் விலை ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாயானது. பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு வந்த உயர்வு அது. அந்தக் கணக்கில் இருபது பெட்டிக்கு நாற்பது ரூபாய், லைட்டருக்குப் பத்து ரூபாய். முப்பது ரூபாய் மிச்சம் என்பதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் இருபது பெட்டி ஒரே நாளில் தீர்ந்துவிடுவதில்லையே! மாதக்கணக்கில் பரவிக் கிடக்கும் அந்த முப்பது ரூபாய்க்காக நம் ஊர்ப் பெண்களின் கூலியைக் குறைத்து, மக்காத குப்பை ஒன்றையும் வீட்டுக்குள் அழைத்துக்கொள்வது சிக்கனமாகாது என்பதே எங்கள் கட்சி. அடுப்புப் பற்றவைக்கும் இரும்பு லைட்டரை நாங்கள் குறை சொல்லவில்லை. அது ஆண்டுக்கணக்கில் உழைக்கிறது. புகை பிடிப்பவர்களுக்கோ எங்களிடம் இன்னும் மலிவான யோசனை இருக்கிறது. அந்தப் பழக்கத்தையே விட்டுவிட்டால் தீப்பெட்டியும் வேண்டாம், லைட்டரும் வேண்டாம்!

தீப்பெட்டித் தொழிலில் எல்லாமே பொன் என்றும் நாங்கள் கூறவில்லை. ஒரு காலத்தில் எங்கள் வயதுச் சிறுமியர் பள்ளிக்குப் போகாமல் இந்த வேலைக்குப் போனார்கள். 1986ஆம் ஆண்டுச் சட்டம் தீப்பெட்டித் தயாரிப்பில் குழந்தைகளை ஈடுபடுத்துவதைத் தடை செய்தது. அன்று அவர்களுக்குக் கிடைக்காத வகுப்பறையில் இன்று நாங்கள் உட்கார்ந்திருக்கிறோம்.

தீப்பெட்டிக்குச் சொன்ன நியாயம் மற்றப் பொருள்களுக்கும் பொருந்தும். நம் பாட்டிமாரைக் கேட்டுப் பாருங்கள். மளிகைக் கடையில் பருப்பும் மிளகாய் வற்றலும் காகிதப் பொட்டலமாகக் கட்டித் தரப்பட்டன. சுற்றிய நூலைக்கூட அவர்கள் வீணாக்காமல் கண்டாகச் சுற்றி வைத்தார்கள். கருப்பட்டி ஓலைக் கொட்டானில் வந்தது. எண்ணெய் வாங்க வீட்டிலிருந்தே தூக்குவாளி போயிற்று. அவர்கள் யாரும் சுற்றுச்சூழலைப் பற்றிப் பாடம் படித்தவர்களல்லர். எறிவதற்கு அவர்களிடம் பொருளே இருக்கவில்லை.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் நாளிலிருந்து ஒருமுறை பயன்படுத்தி எறியும் பதினான்கு வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் தொடங்கப்பட்டது. மஞ்சப்பை ஏந்தியவனைப் பட்டிக்காட்டான் என்று சினிமாவில் கேலி செய்தே அதை நம் கையிலிருந்து பிடுங்கினார்கள் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. பஞ்சாலைகள் நிறைந்த ஊர் இது. பருத்தி விளையும் கரிசல் சீமை இது. இங்கே துணிப்பை பிடிக்க வெட்கப்படுவானேன்? மாவுக் கடைக்குப் பாத்திரம், ஓட்டலில் சாம்பார் வாங்கத் தூக்குவாளி, சந்தைக்குப் பை. இவை மூன்றும் வாசற்கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் தொங்கட்டும். மறந்துவிட்டுப் போவதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கும் கதை.

இங்கே ஒன்றைத் துணிந்து கூறுகிறோம். குப்பையைப் பற்றிய அறிவுரை எல்லாம் பெண்களுக்கே சொல்லப்படுகிறது. காய்கறி, கறி, டீ பார்சல் என்று வெறுங்கையோடு போய்ப் பிளாஸ்டிக் பையோடு திரும்புகிறவர்கள் பல வீடுகளில் அப்பாமாரும் அண்ணன்மாரும். லைட்டர் வாங்குகிறவர்களும் அவர்களே. எனவே பையைக் கையில் கொடுத்தனுப்புவது நம் வேலை என்றால், அதைக் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டு போவது அவர்கள் வேலை.

சமையலறையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கழுநீர்ப் பானை வைத்திருந்த ஊர் இது. மாடு வைத்திருப்பவர் பக்கத்தில் இருந்தால் காய்த் தோலும் அரிசி கழுவிய நீரும் அங்கே போகட்டும். இல்லையென்றால் அடியில் துளையிட்ட பழைய மண்பானை ஒன்று போதும். காய்கறிக் கழிவு ஒரு பங்கு, உதிர்ந்த வேப்பிலைச் சருகும் மண்ணும் ஒரு பங்கு என மாற்றி மாற்றிப் போட வேண்டும். நம் ஊர் வெயிலுக்குச் சீக்கிரம் காய்ந்துவிடுவதால் அரிசி கழுவிய நீரைச் சிறிது தெளித்து வர வேண்டும். இரண்டு மூன்று மாதத்தில் நல்ல எரு கிடைக்கும். பால் பாக்கெட்டை மட்டும் தவிர்க்க முடிவதில்லை. அதன் முனையைத் துண்டாக வெட்டி எறியாமல், ஒட்டிக்கொண்டிருக்கும்படி பாதி வெட்டுங்கள். அந்தச் சின்னத் துண்டுகளை யாராலும் பொறுக்க முடியாது. உறையைக் கழுவி உலர்த்திச் சேர்த்து வைத்தால் எடைக்குப் போடலாம்.

நம் மண்ணுக்கும் இதில் ஒரு தனிக் காரணம் உண்டு. கரிசல் மண்ணைத் தன்னைத்தானே உழுதுகொள்ளும் மண் என்று புவியியலில் படித்திருக்கிறோம். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்து, மழை பெய்ததும் உப்பி மூடிக்கொள்ளும். வெடிப்பில் காற்று கொண்டுவந்து போட்ட பிளாஸ்டிக் தாளையும் சேர்த்தே அது மூடிக்கொள்கிறது. செம்மண்ணில் மேலே கிடந்து கண்ணில் படும் குப்பை, கரிசலில் வேர் ஓடும் ஆழத்துக்கே இறங்கிவிடுகிறது. மானாவாரி விவசாயி ஒவ்வொரு மழைத் துளிக்கும் வானம் பார்க்கிறார். அந்த நீர் இறங்கும் வழியில் தடையாக நிற்பது டவுனிலிருந்து பறந்து போன நம் பையாகவும் இருக்கலாம். கொளுத்திவிட்டால் தீர்ந்தது என்பவர்களுக்கு, பிளாஸ்டிக் புகை நம் மூச்சிலேயே வந்து சேர்கிறது என்பதை நினைவூட்டுகிறோம்.

நிறைவாக எங்கள் பள்ளி நிர்வாகத்துக்கு ஒரு வேண்டுகோள். 2020ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற நம் கடலை மிட்டாய் இல்லாமல் எங்கள் விழா எதுவும் நடப்பதில்லை. ஒவ்வொரு துண்டும் ஒரு பளபளப்பான உறையில் வருகிறது. அடுத்த ஆண்டு விழாவுக்கு அதை உறையில்லாமல் பெரிய டின்னில் வாங்கித் தாருங்கள். வாழையிலை நறுக்குகளை நாங்கள் கொண்டுவருகிறோம். அறுநூறு பேருக்குப் பரிமாறும் பொறுப்பும் பத்தாம் வகுப்பினருடையதே.