மின்சாரம் இறங்கியது, இணையம் ஏறவில்லை!

தோழனே,

ஒரு சிறு காட்சியை உன் மனமேடையில் அமைத்துக்கொள். திரை விலகுகிறது. இடம்: நீலகிரி மாவட்டம், கீழ் கோத்தகிரி. நேரம்: மாலை மங்கும் வேளை. தேயிலைச் சரிவின்மீது மஞ்சு படர்கிறது. பகலெல்லாம் கொழுந்து பறித்துக் களைத்த தாய், லைன் வீட்டின் வாசற்படியில் அமர்ந்திருக்கிறாள். மகள் கைபேசியோடு வெளியே புறப்படுகிறாள்.

“இருட்டுகிற நேரத்தில் எங்கேயம்மா கிளம்பிவிட்டாய்?”

“மேட்டுக்கு அம்மா. கல்லூரி விண்ணப்பத்துக்கு இன்றுதான் கடைசி நாள். வீட்டுக்குள் இணையம் வருவதும் போவதுமாக இருக்கிறது. ஒரு பக்கம்கூட முழுதாகத் திறக்கவில்லை.”

“வழியில் காட்டெருமை நிற்குமே! காலையில் போகக் கூடாதா?”

“காலையில் கல்லூரியின் கதவு மூடிவிடுமே அம்மா!”

திரை விழுகிறது. நாடகம் நான் புனைந்தது. நிலைமை நான் புனைந்ததன்று. 2020ஆம் ஆண்டு கொரோனா பள்ளிகளைப் பூட்டியபோது, வகுப்பறை கைபேசித் திரைக்குள் குடியேறியது. அன்று அலை தேடி மேட்டிலும் மரத்திலும் ஏறிய மாணவர்களை நாடே கண்டது. கண்டது, கண்ணீர் விட்டது, பிறகு மறந்துவிட்டது!

“கோபுரங்கள் நிற்கின்றனவே, இன்னும் என்ன குறை?” என்று கேட்பார் உண்டு. சமவெளியில் கேட்கத்தக்க கேள்வி அது. மலையில், கோபுரத்து அலை ஒரு முகட்டில் மோதினால் மறுபக்கத்துப் பள்ளம் இருண்டுபோகும். மேட்டு வீட்டில் பேச்சு கேட்கும். பள்ளத்து வீட்டில் மூச்சும் கேளாது. ஆகவேதான் வீட்டுக்கே வரும் ஒளியிழை வடம் வேண்டும் என்கிறோம்.

வடம் ஏன் வரவில்லை? ஹட்டிகள் சிதறிக் கிடக்கின்றன. தோட்டத்து வீடுகள் தொலைவில் கிடக்கின்றன. ஒரு கல் தொலைவு வடம் இழுத்தாலும் ஒரு தெருவுக்குரிய வாடிக்கையாளர் கிடைப்பதில்லை. நிறுவனம் கணக்குப் பார்க்கிறது, இலாபம் இல்லை என்கிறது, திரும்பிப் போகிறது. வணிகனைக் குறை கூறிப் பயனில்லை. அவன் வந்தது வணிகத்துக்கு. ஆனால் அரசு எதற்கு? இலாபக் கணக்கு முடியும் இடத்தில் தொடங்க வேண்டியதன்றோ அரசின் கடமை!

தோழனே, சற்றே பின்னோக்கிப் பார். 1932ஆம் ஆண்டு இதே நீலகிரியின் பைக்காராவில் நீர் மின்சாரமாயிற்று. அந்த மின்சாரம் மலையிலேயே தங்கிவிட்டதா? இல்லை! பள்ளத்தாக்குகளைத் தாண்டிக் கீழே இறங்கிக் கோவையின் ஆலைகளைச் சுழலச் செய்தது. பின்னர் கனடா நாட்டின் உதவியோடு குந்தாத் திட்டம் எழுந்தது. அதன் ஆற்றலும் சமவெளியை நோக்கிப் பாய்ந்தது. மலை கொடுத்தபோது கம்பி வளைந்து நெளிந்து இறங்கத் தெரிந்துகொண்டது. மலை கேட்கும்போது மட்டும் அந்தக் கம்பிக்கு ஏறத் தெரியவில்லையாம்! மலையிடம் வாங்குவதற்குப் பாதை உண்டு. மலைக்கு வழங்குவதற்குப் பாதை இல்லை என்றால், அதற்கு நீதி என்று பெயரா?

டில்லி ஆட்சியினரிடம் கேட்டால், “பாரத்நெட் இருக்கிறதே!” என்பர். இருக்கிறது. 2011 அக்டோபரில் தேசிய ஒளியிழை வலைப்பின்னல் என்ற பெயரில் ஒப்புதல் பெற்றது; இரண்டே ஆண்டுகளில் இரண்டரை இலட்சம் ஊராட்சிகளுக்கும் வடம் போய்ச் சேரும் என்றார்கள். இரண்டு ஆண்டுகள் பறந்தன, பெயர் மாறிற்று, கெடுவும் மாறிக்கொண்டே வந்தது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளை இணைக்க 2018இல் ஒரு நிறுவனம் அமைந்தது. 2020இல் ஒப்பந்தப்புள்ளியின் நிபந்தனைகள்மீது புகார் கிளம்பி, புதிதாக ஒப்பந்தம் கோரும்படி ஒன்றிய அரசு சொன்னது. ஆண்டுகள் கரைந்தன. 2023 ஆகஸ்டில் திருத்திய திட்டத்துக்கு 1,39,579 கோடி ரூபாய் ஒதுக்க ஒன்றிய அமைச்சரவை இசைந்தது. தொகை பெரிது, மறுக்கவில்லை. ஆனால் எதை எண்ணி வெற்றி என்று அறிவிக்கப் போகிறார்கள்? அதுவே நம் கேள்வி!

ஊராட்சி மன்றக் கட்டடத்துக்கு வடம் வந்தால் ஊருக்கே இணையம் வந்ததாக ஏட்டில் எழுதுவது எளிது. மலையில் ஓர் ஊராட்சி என்பது ஒரு தெரு அன்று. பல ஹட்டிகளும், தோட்டங்களும், பழங்குடி மக்களின் குடியிருப்புகளும் சரிவுக்குச் சரிவு பிரிந்து கிடக்கும் நிலப்பரப்பு. அலுவலகத்துப் பெட்டியில் பச்சை விளக்கு எரிவதால், அப்பாலுள்ள பள்ளத்து வீட்டில் பாடம் கேட்குமா?

இந்தக் கணக்கு வித்தை புதியதும் அன்று. 1997 வரை, ஒரு கிராமத்தின் எல்லைக்குள் எந்தத் தேவைக்கேனும் மின்சாரம் பயன்பட்டால் போதும். அது மின்னொளி பெற்ற கிராமம் என்று இந்திய அரசு எழுதிக்கொண்டது. வீடுகள் இருளில் கிடக்க, ஏடு மட்டும் ஒளிவிட்டது! 2004இல்தான் பத்தில் ஒரு வீட்டிலாவது விளக்கெரிய வேண்டும் என்று விதி மாறிற்று. விளக்கில் செய்த பிழையை இணையத்திலும் செய்வதா?

பணம் இல்லை என்பார்களானால், அதற்கும் பதில் உண்டு. ஊரகத் தொலைத்தொடர்புக்கென்றே 2002 முதல் ஒரு நிதி இருக்கிறது. தொலைபேசி நிறுவனங்கள் தங்கள் வருவாயில் 5 விழுக்காட்டை அதற்குச் செலுத்துகின்றன. இன்று அதன் பெயர் டிஜிட்டல் பாரத் நிதி. அது நம் மாதக் கட்டணத்திலிருந்து திரண்ட பணம். தொலைத்தொடர்போ அரசியல் சட்டத்தின் ஒன்றியப் பட்டியலில் 31ஆவது இனம். அதிகாரமும் டில்லியில், நிதியும் டில்லியில். காத்திருப்பு மட்டும் கீழ் கோத்தகிரியில்!

இணையம் ஆடம்பரம் என்று எவரேனும் சொன்னால், குன்னூர்த் தேயிலை ஏலத்தைக் காட்டு. 1963இல் தொடங்கிய அந்த ஏலம் இன்று மின்னணு வழியில் நடக்கிறது. எங்கோ இருந்தபடி விலை கேட்கிறான் வணிகன். அந்தத் தேயிலையைப் பயிரிட்ட சிறு விவசாயியோ, தன் இலையின் விலையை அறிய அலை கிடைக்கும் இடம் தேடி நடக்கிறான்! இணையம் பெறுவது கல்வி உரிமையின் பகுதி என்று கேரள உயர்நீதிமன்றம் 2019இலேயே கூறிவிட்டது. அதே கேரளம் 2023 ஜூன் 5 அன்று கேபோன் என்ற தன் வலைப்பின்னலைத் தொடங்கியது. 20 இலட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்பதை இலக்காக வைத்தது. இலக்கு எட்டியதா என்பது வேறு விவாதம். அங்கே எண்ணப்பட்டது வீடு என்பதைக் கவனி!

வந்தால் மட்டும் போதாது, நிலைக்கவும் வேண்டும். வடகிழக்குப் பருவமழை கோத்தகிரிச் சரிவுகளில் கொட்டும்போது மரம் சாயும், மண் சரியும். 2009 நவம்பரில் சரிந்த மண் எத்தனை உயிர்களைக் குடித்தது என்பதை நீலகிரி மறக்காது. ஒற்றை வழியில் வந்த வடம் ஓரிடத்தில் அறுந்தால் அதற்கப்பால் அனைத்தும் இருள். வளையமாக அமைத்தால், ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கம் வழியாகச் செய்தி வரும். திருத்திய திட்டமே வளையத்தைப் பேசுகிறது. அந்த வளையம் முதலில் எங்கே வேண்டும்? மண் சரியும் மலையில் அல்லவா!

வீட்டு வாசல்வரை கொண்டுசெல்வது யார்? 1935இல் அமெரிக்காவில் பத்துப் பண்ணைகளில் ஒன்றில்தான் மின்விளக்கு எரிந்தது. தனியார் நிறுவனங்கள் கைவிரித்தன. ரூஸ்வெல்ட் ஆட்சி கடன் கொடுத்தது. உழவர்கள் கூட்டுறவுச் சங்கம் கண்டார்கள். தாங்களே கம்பம் நட்டார்கள். ஊரகம் ஒளி பெற்றது. நீலகிரிக்குக் கூட்டுறவு புதிதா? 1962இல் குந்தாவில் சிறு தேயிலை விவசாயிகளின் முதல் கூட்டுறவுத் தொழிற்சாலை எழுந்தது. இலையை ஒன்றுசேர்க்கத் தெரிந்த கைகளுக்கு இணைப்பைப் பகிர்ந்தளிக்கத் தெரியாதா? நிதியை அந்த நிதியத்திலிருந்து கொடு. மின்வாரியக் கம்பத்தைப் பயன்படுத்த விடு. உள்ளூர் இளைஞருக்குப் பழுது நீக்கும் பயிற்சி அளி. அறுந்த வடத்தை இத்தனை மணி நேரத்துக்குள் இணைத்தாக வேண்டும் என்று விதி செய்!

இறுதியாக, நம் கழகத் தோழர்களுக்கும் ஒரு சொல். டில்லியைச் சாடுவதோடு நம் கடமை முடிந்துவிடாது. நாளை ஓர் ஊராட்சியில் வடம் வந்தது என்று விழா எடுத்து உன்னை மேடைக்கு அழைப்பார்கள். மாலை சூட்டுவார்கள். ஏற்குமுன் ஒரு கேள்வி கேள்: “எத்தனை வீடுகளுக்கு?” பதில் வரவில்லையென்றால் மாலையைக் கழற்றி மேசைமேல் வை. மேடை நம்முடையதாயினும் சரி, மாற்றாருடையதாயினும் சரி!

மகள் தன் வீட்டுக்குள் அமர்ந்து விண்ணப்பம் அனுப்ப வேண்டும். தாய் அருகிருந்து பார்க்க வேண்டும். அந்தக் காட்சியை எழுதும் நாளுக்காகக் காத்திருக்கிறேன். அதுவரை கேட்டுக்கொண்டே இரு தோழனே: எத்தனை வீடுகளுக்கு?